விவால்டியின் ‘குளோரியா’: ஆண் குரல் இல்லாத ஒரு பதிவு

எர்வே நிக்கே நடத்தும் லெ கோன்சேர் ஸ்பிரித்துயெல் என்ற பிரெஞ்சு இசைக்குழுவின் இசைத்தட்டு இது. ஆல்ஃபா வெளியீடு, 2015. இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் லத்தீன் தேவாலயப் பாடல்களான குளோரியா (அவருடைய படைப்புப் பட்டியலில் ஆர்.வி. 589), மாக்னிஃபிகாட் இரண்டும் உண்டு. பாடுபவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

புதுமைக்காகச் செய்தது அல்ல. வெனிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த பியெத்தா இல்லத்தில் 1703இல் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார் விவால்டி. மாடத்தின் இரும்புக் கிராதிக்குப் பின்னால் பாடியவர்களும் வாசித்தவர்களும் அங்கேயே வளர்ந்த பெண்கள்தாம். ஆனால் அவர்களுக்காக எழுதிய இசை ஏட்டில் டெனரும் பாஸும், அதாவது ஆண்களின் உயர்ந்த குரலுக்கும் தாழ்ந்த குரலுக்குமான வரிகள், இருக்கின்றன! டெனரைக் கனத்த ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) எழுதிய இடத்திலேயே பிடித்துவிடும். பாஸ்தான் சிக்கல். எட்டாத இடங்களில் ஒரு ஸ்தாயி தூக்கிப் பாட வேண்டும். தூக்கினால் அடியில் கிடக்க வேண்டிய ஸ்வரம் டெனருக்கு மேலே ஏறி, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கட்டு) தலைகீழாகும். அதே வரியை செலோவும் டபுள் பாஸும் ஆர்கனும் கீழே தாங்குவதால்தான் சரிவதில்லை.

ஆகவே இதை செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கீழ்ஸ்தாயி காணாமல் போகும், பழி பாடகிகள் மேல் விழும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். குளோரியாவின் ‘எத் இன் தெர்ரா பாக்ஸ்’ பகுதியில் பலன் தெரியும்: ஆண் குரல் இருந்தால் ஒரு ஸ்தாயி விலகி நிற்கும் ஸ்வரங்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உரசுகின்றன. அந்த உரசல்தான் இந்தத் தட்டின் ருசி.

ஒரு குறை உண்டு, சிறியதல்ல. தனிக்குரல் பகுதிகளையும் குழுவே பாடுகிறது. ‘லௌதாமுஸ் தே’யில் இரண்டு சோப்ரானோக்கள் (உச்சக்குரல் பாடகிகள்) ஒருவரையொருவர் துரத்த வேண்டும், இங்கே இரண்டு கூட்டங்கள் துரத்துகின்றன, பிருகாக்களின் ஓரம் மழுங்குகிறது. பியெத்தாவில் தனிப்பாடகிகளுக்குப் பஞ்சமில்லை. மாக்னிஃபிகாட்டின் பிற்கால வடிவத்தில் அப்பொலோனியா, கியாரெத்தா, அம்ப்ரோசினா என்று யார் எதைப் பாட வேண்டும் என்பதையே விவால்டி குறித்திருக்கிறார். அவர்களைக் கூட்டத்தில் கரைத்தது எனக்கு ஒப்பவில்லை.

வேகமும் அதிகம், முதல் பகுதியில் அது பொருந்துகிறது.

குளோரியாவையே முதல்முறை கேட்பவர்கள் ஆண், பெண் கலந்த கொயரின் பதிவு ஒன்றை முன்னால் கேட்டுவிடுங்கள். கடைசி ஃபியூகில் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் பகுதி) பாஸ் நுழையும் இடம் இங்கே ஆல்ட்டோவுக்குள் ஒளிந்துகொள்ளும்; தெரியாவிட்டால் செலோவைப் பின்தொடருங்கள்.