முயலுக்கு மருந்து என்று கடையில் தரும் லேபல் இல்லாத போத்தலை வாங்காதீர்கள்

வன்னியில் ஏ9 வீதியோரம் வளர்ப்பு மீன், லவ்பேர்ட்ஸ், முயல் விற்கிற கடைகள் இப்போது கூடிவிட்டன. அப்படி ஒரு கடையில் நாங்கள் வாங்கிய சோடி முயலில் ஒன்று செத்துவிட்டது. முயல் சாவது என்ன பெரிய புதினமா என்று சிலர் கேட்பீர்கள். எங்கள் முயலைக் கொன்றது அந்தக் கடை விற்ற மருந்து. அதனால்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வியாபாரம் அங்கே மட்டும்தான் நடக்கிறது என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

சோடி 4,000 ரூபா. கூடவே "முயல் தீன்" என்று ஒரு பொலித்தீன் பையும் கட்டித் தந்தார் கடைக்காரத் தம்பி. இதைப் போட்டால் காணும், புல்லுக்கு அலையத் தேவையில்லை என்றார். சோடியில் வெள்ளை முயல் அதை விரும்பித் தின்றது. கறுப்புக்கு அது பிடிக்கவே இல்லை, வேலியோர அறுகம்புல்தான் வேண்டும்.

ஒரு நாள் விடியப் பார்த்தால் வெள்ளை கூட்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு இருக்கிறது. பொன்னாங்காணியை மூக்கடியில் நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லை நறநறவென்று கடித்தபடி இருந்தது. அதன் பக்கத்துத் தட்டில் புதிதாகப் புழுக்கை ஒன்றுமில்லை. முதல்நாள் போட்டதும் வழக்கத்தைவிடச் சிறுத்து, காய்ந்து கிடந்தது.

கடைக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். "ரெண்டு மூண்டு நாள் சாப்பிடாட்டி முயலுக்கு ஒண்டும் செய்யாது அக்கா. வயித்துக் கிருமிதான். மருந்திருக்கு, வந்து எடுங்கோ" என்றார். 900 ரூபா. சின்ன பிளாஸ்டிக் போத்தல். லேபல் உரித்த இடத்தில் பசை இன்னும் விரலில் ஒட்டியது. மூடியைத் திறந்தால் இளஞ்சிவப்புப் பாணி, இனிப்பான பழ எசன்ஸ் மணம். சின்னப் பிள்ளைகளுக்கு மருந்து பருக்கிய எவருக்கும் பழகிய மணம் அது. "என்ன மருந்து தம்பி?" என்று கேட்டேன். "முயலுக்கெண்டே கொழும்பிலயிருந்து வாறது அக்கா" என்றார். காலை 2 மில்லி, மாலை 2 மில்லி, சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, மருந்தை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மருந்து உள்ளே போன பிறகு வெள்ளைக்குத் தண்ணீராகக் கழியத் தொடங்கியது. வயிறு ஊதியது. காது இரண்டும் சில்லிட்டுப் போயின. அரச கால்நடை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சேலைன் ஏற்றிப் பார்த்தார், தாங்கவில்லை.

டொக்டர் அந்தப் போத்தலை மணந்து பார்த்துவிட்டு, கடைக்காரருக்கே அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். இந்த முறை மறைக்கவில்லை. "அமொக்சிசிலின்தானே அக்கா, மனுசப் பிள்ளையளுக்கே குடுக்கினம்!"

அதுதான் பிரச்சினை. முயலின் குருட்டுக்குடலில் நார்ச்சத்தைப் புளிக்க வைக்கிற நல்ல பற்றீரியாக்கள் இருக்கின்றன. முயல் உயிர் வாழ்வதே அவற்றை வைத்துத்தான். அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் என்கிற அன்டிபயோடிக்குகள் எல்லாம் வாய்வழியாகப் போனால் அந்தப் பற்றீரியாக்கள் அழிந்து, குளொஸ்திரிடியம் என்ற கெட்ட இனம் பெருகி நஞ்சைக் கக்கும். மனிதக் குழந்தைக்கு நல்ல மருந்து, முயலுக்கு எமன். முயலுக்குக் கொடுக்கக்கூடிய வேறு அன்டிபயோடிக்குகள் இருக்கின்றன, அதை நிறை பார்த்து வைத்தியர்தான் எழுத வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். வெள்ளைக்குத் தொடக்கத்தில் கிருமி வருத்தம் இருந்ததற்கே அறிகுறி இல்லையாம், குடல் ஓட்டம் நின்றிருக்கிறது. கடை தந்த தீனை ஒரு கடதாசியில் கொட்டிக் காட்டினோம். கோழிக்குஞ்சுத் தீன்! மாச்சத்து கூட, நார் மிகக் குறைவு. சில கோழித் தீன்களில் கலக்கிற மருந்துகளும் முயலுக்கு ஆகாது. கறுப்பு தப்பியது புல்லால்தான்.

"ரெண்டு மூண்டு நாள்" என்ற அந்தக் கதையை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 12 மணித்தியாலம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. அந்த நேரத்திலேயே வலிக்கு ஊசி, தோலுக்கடியில் சேலைன், உடம்புக்குச் சூடு, பிறகு சிரிஞ்சால் அரைத்த தீன் என்று பார்த்தால் பல முயல்கள் மீண்டுவிடும். சிரிஞ்சு என்றால் ஊசி கழற்றியது, கடைவாய்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் வயிறு மேளம் போல் இறுகியிருந்தால் வாயில் ஒன்றும் திணிக்காதீர்கள், உள்ளே அடைப்பு இருக்கலாம். முதலில் வைத்தியர் பார்க்கட்டும். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும், புல் மென்று தேயாவிட்டால் கன்னத்தையும் நாக்கையும் குத்தும். சாப்பிடாமல் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நேரில் போய்க் கேட்டபோது கடைக்காரர் வெயிலைக் காட்டினார். வன்னி வெயில் முயலுக்கு ஆகாது என்பது மெய்தான், 30 பாகை தாண்டினாலே திணறும். ஆனால் வெயில் பிடித்த முயலுக்குக் காது சுடும், மூச்சு வாங்கும். எங்களுடையதின் காது குளிர்ந்து கிடந்தது. அதைச் சொன்னதும், "உயிருள்ள சாமானுக்கு வாறண்டி இல்லை அக்கா, வேணுமெண்டா அரை விலைக்கு இன்னொண்டு எடுங்கோ" என்றார். மகள் பக்கத்தில் நின்றாள். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

இவர்கள் பிழைப்பது ஒரு கூச்சத்தில்தான். நம் பக்கத்தில் கால்நடை வைத்தியர் என்றால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றுதான் நினைப்பு, முயலைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களோ என்று தயங்குவோம். எங்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. கன்றுக்கு ஊசி போடக் காத்திருந்த ஐயா ஒருவர் தன் முறையை எங்களுக்கு விட்டுத் தந்தார்.

வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் விற்பது சட்டப்படி பிழை. நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், நான் முறையிட்டிருக்கிறேன். போத்தலும் மிச்சத் தீனும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் லேபல் உரித்த இளஞ்சிவப்புப் போத்தல் கிடந்தால், முயலுக்குப் பருக்காமல், எறிந்தும் விடாமல், உங்கள் பகுதி கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். எங்களுக்குக் கடைக்காரர் அது தரவில்லை.