வண்டியா, வரிசைக் கடையா, சட்டியா? வியட்நாமில் பான் மீ எங்கே சாப்பிடலாம்

பான் மீ என்பது ரொட்டியோடு இறைச்சி, முட்டை, காய் சேர்த்துத் தரும் வியட்நாம் உணவு. அதை அங்கே வாங்க மூன்று வழி உண்டு. நடைபாதையில் நிற்கும் கண்ணாடிப் பெட்டி வண்டி ஒன்று. வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் வரிசை கட்டி நிற்கும் பெயர் பெற்ற கடை இன்னொன்று. மூன்றாவது, சின்ன ஸ்டூலில் உட்கார வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே முன்னால் வைத்து, ரொட்டியைத் தனியாகத் தரும் கடை. மூன்றிலும் ரொட்டி ஒரே வகைதான், கூட வரும் சாமான்களும் ஏறக்குறைய அவையேதான். ஆனால் நம் வயிற்றுக்கும், கையிலிருக்கும் காசுக்கும், அந்த ஊருக்கும் எது நல்லது என்று பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: போய் இறங்கிய முதல் நாள் சட்டி, வயிறு பழகியபின் தினமும் வண்டி. வரிசைக் கடை ஒரு தடவை போதும்.

முதலில் ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம். பான் என்றால் மாவில் செய்த பண்டம், மீ என்றால் கோதுமை. இலங்கைத் தமிழில் சொல்லும் 'பாண்' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் ஒத்துப்போவது தற்செயல். வியட்நாமுக்கு இந்த ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அது நெல் விளையும் பூமி, கோதுமைக்கு இன்றும் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. அரிசி மாவு கலப்பதால்தான் ரொட்டி இவ்வளவு லேசாக இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான அடுமனைகளில் போவது கோதுமை மாவு மட்டும்தான். ஈஸ்ட்டைத் தாராளமாகப் போட்டு, நன்றாகப் பொங்கவிட்டு, ஆவி விட்ட அடுப்பில் சுடுவதால் மேலோடு மெலிசாகவும் உள்ளே காற்றாகவும் வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ரொட்டி சாப்பிட்டுப் பழகியவர்களுக்குக் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும்.

லேசாக இருப்பதால் ஆயுளும் குறைவு. அந்த ஊர் ஈரக்காற்றில் சுட்டு நான்கைந்து மணி நேரம் ஆனாலே மேலோடு தோல் மாதிரி இழுக்கும். எனவே எங்கே வாங்கினாலும் விற்பவர் ரொட்டியின் பக்கவாட்டைக் கிழிக்கும்போது காதைக் கொடுங்கள். நொறுநொறுவென்று சத்தம் வர வேண்டும், பலகையில் தூள் உதிர வேண்டும். சத்தமில்லாமல் கத்தி இறங்கினால் அது பழைய ரொட்டி.

வண்டியில் நடப்பது ஒரு நிமிட வேலை. ரொட்டியைக் கிழித்து, உள்ளிருக்கும் பஞ்சை விரலால் அழுத்தி இடம் பண்ணுகிறார்கள். ஒரு பக்கம் பேட் என்ற பன்றி ஈரல் விழுது, மறுபக்கம் முட்டை மஞ்சள் கருவையும் எண்ணெயையும் அடித்துச் செய்த மயோனைஸ். அதன்மேல் சா லுவா என்ற பன்றி இறைச்சி உருளையிலிருந்து நாலைந்து வில்லை. நீளவாக்கில் வெட்டிய வெள்ளரித் துண்டு, வினிகரில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும், கொத்தமல்லித் தழை, மிளகாய், கடைசியாகச் சோயா சாஸ் ஒரு பீய்ச்சு. தாளில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டால் முடிந்தது. கேரட்டைப் பிழிந்து போடுகிறாரா என்று பாருங்கள். பிழியாமல் அள்ளிப் போட்டால் பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் ஊறிக் கிழியும்.

விலை வண்டியில் 15,000 முதல் 25,000 டோங். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஐம்பதிலிருந்து எண்பத்தைந்து ரூபாய்க்குள் ஒரு காலை உணவு. பெயர் பெற்ற கடைகளில் 30,000க்குத் தொடங்கி, சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) ஹுயின் ஹோவா மாதிரி இறைச்சியை அடுக்கித் தரும் இடங்களில் 60,000ஐத் தாண்டுகிறது. அந்த ஒன்றை ஒருவர் தின்று முடிப்பது கஷ்டம், இருவர் பங்கிடுவதுதான் சரி. பாதி தின்று மீதியைக் குப்பையில் போடுபவர்களை அந்தத் தெருவில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

சட்டிக்கு விலை வண்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு. ஆனால் அதற்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. 1954ல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து ஏராளமானோர் சைகோனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்படி வந்த குடும்பம் 1958ல் தொடங்கிய ஹோவா மா கடையைத்தான், எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே வைத்துக் கையில் கொடுக்கும் வழக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்வார்கள். அதற்கு முன் ரொட்டி ஒரு தட்டிலும் இறைச்சி ஒரு தட்டிலுமாகப் பிரெஞ்சு முறையில் வந்துகொண்டிருந்தது. காவ் தாங் தெருவில் உள்ள அந்தக் கடைக்கு இன்று கூட்டம் போவது சட்டிக்காக: முட்டை, சா லுவா, ஹாம், வெங்காயம் எல்லாம் எண்ணெயில் பொரிந்தபடி வரும். காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், பத்து மணிக்குள் போய்விடுங்கள். பழைய பயண வழிகாட்டிகளில் 'மூன்றாம் மாவட்டம்' என்று முகவரி இருக்கும். 2025 ஜூலை 1 முதல் அந்த மாவட்டங்கள் நிர்வாகத்தில் இல்லை, தெருப் பெயரை வைத்துத் தேடுவதே மேல்.

முதல் நாளுக்குச் சட்டியை நாங்கள் சொல்வதற்குக் காரணம் சூடு. பான் மீயில் வயிற்றைக் கெடுக்கக்கூடியவை முக்கியமாக இரண்டு: பேட், மயோனைஸ். ஈரல் பேட் ஈரமும் புரதமும் நிறைந்தது. வேகவைத்துச் செய்ததுதான் என்றாலும், ஆறியபின் வண்டியில் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. மயோனைஸில் இருப்பது பச்சை மஞ்சள் கரு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி மளமளவென்று பெருகும், சைகோன் நண்பகல் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வினிகரில் ஊறிய கேரட்டைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அதன் புளிப்பே அதற்குக் காவல், அந்தப் பட்டியலில் அதுதான் கடைசி.

பெயர் பெற்ற கடை என்றால் பத்திரம் என்பதும், வண்டி என்றால் ஆபத்து என்பதும் இரண்டுமே தவறு. 2023 செப்டம்பரில் ஹோய் ஆன் நகரில் உலகப் புகழ் பெற்ற ஒரு கடையில் சாப்பிட்ட முந்நூறுக்கும் மேற்பட்டோர், வெளிநாட்டுப் பயணிகள் உட்பட, நோயில் விழுந்தார்கள். 2024 மே மாதம் டோங் நை மாகாணத்தின் லாங் கானில், உள்ளூர்க்காரர்கள் மட்டும் வாங்கும் ஒரு சாதாரணக் கடையில் ஐந்நூறுக்கும் மேல். இரண்டிலும் சிக்கியது சால்மோனெல்லா கிருமி. அளவு பெரிதானால் விபத்தும் பெரிதாகும்: ஒரே அண்டாவில் கலக்கிய பேட் கெட்டால், அன்று அதில் வாங்கிய அத்தனை பேரும் படுக்கிறார்கள். பெரிய கடைக்குக் குளிர்பெட்டியும் குழாய்த் தண்ணீரும் இருக்கிறது, வண்டிக்கு இரண்டும் இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு வந்து ஒன்பதுக்குள் விற்றுத் தீர்ந்து போகிற வண்டியில் பேட் கெடுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதே வண்டி பதினொன்றரைக்கும் வெயிலில் நின்றால் கதை வேறு.

ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் நேரம்தான் முக்கால் பங்கு. காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நான்கிலிருந்து ஆறரை. பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் ஸ்கூட்டரை நிறுத்தாமலே கை நீட்டி வாங்குபவர்களும் இருக்கிற வண்டியாகப் பாருங்கள். கையுறையைக் கண்டு ஏமாறாதீர்கள்: அதே கையுறையோடு நோட்டை வாங்கிப் போட்டால் வெறும் கையைவிட அது எந்த விதத்திலும் மேல் இல்லை. காசுக்கு ஒரு கை, ரொட்டிக்கு இடுக்கி என்று பிரித்து வைத்திருப்பவரே நம் ஆள். மாலையில் கரி அடுப்போடு நிற்கும் வண்டிகளில் பன்றி இறைச்சியைக் கண்ணெதிரே சுட்டு வைத்துத் தருவார்கள். பேட்டும் மயோனைஸும் வேண்டாமென்று சொல்லி இதை வாங்கினால் சட்டிக்கு நிகரான பத்திரம், வண்டியின் விலையில். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள் எங்கே சாப்பிட்டாலும் இந்த இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

சைகோனுக்கு வெளியே போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. வடக்கே ஹை ஃபோங்கில் ஏறத்தாழ ஒரு சாண் நீளம், இரண்டு விரல் தடிமனில் குச்சி ரொட்டி கிடைக்கும். உள்ளே பேட்டும் உறைப்பான மிளகாய் சாஸும் மட்டும். நிரப்பியபின் மறுபடி சுட்டுத் தருவதால் சூடாகவே கைக்கு வரும், ஒருவர் நாலைந்து தின்பார். மலைநகரமான டா லாட்டில் சூடான குழம்புக் கிண்ணத்தில் இறைச்சி உருண்டைகள் மிதக்க, ரொட்டியைப் பிய்த்து நனைத்துச் சாப்பிடுவார்கள். பாணைச் சம்பலோடும் குழம்போடும் தின்று வளர்ந்தவர்களுக்கு இது ஒட்டிக்கொள்ளும்.

சைவக்காரர்கள் தேட வேண்டிய சொல் 'சாய்' (chay). பலகையில் அந்தச் சொல் இருந்தால் டோஃபு, காளான், கோதுமைப் புரதம், சைவ பேட் வைத்துத் தருவார்கள். பௌத்தர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுகிறார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ அமாவாசையும் பௌர்ணமியும். அந்த இரு நாட்களில் வழக்கமாக இறைச்சி விற்கும் பல கடைகளிலும் சைவம் கிடைக்கும். முட்டை சாப்பிடுபவர்கள் முட்டை பான் மீ கேட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. முட்டையை அடிக்கும்போதே மீன் சாஸ் விடுவது வழக்கம், ரொட்டியில் கேட்காமலே பேட் தடவிவிடுவார்கள். பச்சை வெங்காயத்தாள் போட்ட எண்ணெய் பல இடங்களில் பன்றிக் கொழுப்பு. பன்றி சாப்பிடாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், கோழி பான் மீயிலும் அதே ஈரல் பேட்தான் போகும். ஆனால் சைவம் என்றாலே பத்திரம் என்றும் இல்லை. 2020ல் மூடி போட்ட டப்பாவில் விற்ற சைவ பேட்டால் பலருக்குப் போட்டுலினம் நஞ்சு ஏறியது. அன்றன்றைக்குச் செய்த பேட் வைக்கும் கடையே மேல்.

இதையெல்லாம் வாயால் சொல்ல முயல வேண்டாம். வியட்நாமிய மொழியில் தொனி மாறினால் பொருள் மாறிவிடும். வெண்ணெய்க்கான சொல்லும் மாட்டிறைச்சிக்கான சொல்லும் எழுத்திலேயே ஒரு கொக்கிக்கும் ஒரு சாய்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். 'பேட் வேண்டாம், மயோனைஸ் வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், மிளகாய் குறைவாக, பை வேண்டாம்' என்ற ஐந்து வரியை வியட்நாமிய எழுத்தில் போனில் பெரிதாக வைத்துக் காட்டுங்கள். ஒருவரும் கோபிப்பதில்லை, எல்லோருக்கும் வேலை எளிதாகிறது.

ஐந்தாவது வரி முக்கியம். தாளில் சுருட்டியதை மறுபடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருவது அங்கே கை தானாகச் செய்யும் வேலை, அந்தப் பை ஐந்து நிமிடத்தில் குப்பை. ஹோய் ஆனுக்கு எதிரே உள்ள சாம் தீவில் 2009லேயே பிளாஸ்டிக் பையை நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள், அங்கே போகிறவர்கள் துணிப்பை இல்லாமல் போகக் கூடாது. இந்த விஷயத்தில் சட்டிக்கு முதல் இடம், அதில் கழுவி எடுக்கும் பாத்திரம் மட்டும்தான். வண்டியில் வாங்கும்போது ரப்பர் பேண்டைத் திருப்பிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

காசு விஷயத்தில் வண்டிக்கே எங்கள் ஓட்டு. கொடுக்கும் பணம் நேராக அந்தக் குடும்பத்துக்கும், பக்கத்துத் தெரு அடுமனைக்கும் போகிறது. 20,000 டோங் ரொட்டிக்குப் பேரம் பேசுவது அழகல்ல. எழுதிய விலை இல்லையென்றால் முதலில் கேட்டுக்கொண்டு, சில்லறையாகக் கொடுங்கள், விடியற்காலை ஆறு மணிக்கு 500,000 நோட்டை நீட்டினால் அவர் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டும். அதைவிட, 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஒரே முகம். அரைத்தூக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் இருபத்தைந்து மடங்கு நஷ்டம், ஆகவே பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் வாங்கிய பிறகு, கேட்டுவிட்டு, ஓரமாக நின்று எடுங்கள். அந்த மூன்றடி நடைபாதையில்தான் அவருடைய வியாபாரமே நடக்கிறது.

கடைசியாக இரவுப் பேருந்து. சாயங்காலம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு விடிகாலையில் தின்பதுதான் பயணிகள் செய்யும் மிகப் பெரிய தவறு. பேட்டும் மயோனைஸும் தடவிய ரொட்டிக்கு வெளியில் இரண்டு மணி நேரம்தான் கெடு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி. வழிக்கு வேண்டுமென்றால் வெறும் ரொட்டி இரண்டும், வாழைப்பழமும், பாக்கெட்டில் வரும் இனிப்புக் கட்டிப் பாலும் வாங்குங்கள். கட்டிப் பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்பது வியட்நாம் பிள்ளைகளின் பழைய காலை உணவு, காய்ந்த ரொட்டிக்கும் அது பொருந்தும்.