‘கால்நடை மருத்துவ உதவியாளர் டிப்ளமோ’வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் அந்தத் தட்டியை மறுபடியும் கட்டிவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், கையில் நாய்க்குட்டி, பின்னால் ஒரு ஜெர்சி மாடு. ‘நீட் தேவையில்லை. ஓராண்டுப் படிப்பு. 100 சதவீத வேலை உறுதி.’ சென்ற வருடம் இருந்த நிறுவனத்தின் பெயரை மாற்றி வேறு பெயர் போட்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் செல்பேசி எண் மட்டும் அதேதான். அந்த எண்ணுக்குப் பேசித்தான் என் தம்பி சென்ற வருடம் சேர்ந்தான்.

பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம். இதே சரக்கை விற்கும் கடைகள் கொங்கு மாவட்டங்களில் பல இருக்கின்றன என்பது இன்னொரு காரணம். ஒன்றின் பெயரைச் சொன்னால் அதை விட்டுவிட்டு அடுத்த தெருவில் போய்ப் பணம் கட்டுவார்கள்.

நான் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நான்கு கறவை மாடுகள். தம்பிக்கு மாடு, நாய் என்றால் உயிர். கன்று தலை திரும்பிக் கிடந்த ஒரு இரவில் டாக்டர் வரும்வரை மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்றிருந்தான், கட்-ஆஃப் எட்டவில்லை.

இங்கே அந்தத் தட்டியின் முதல் தந்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘நீட் தேவையில்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டால், உண்மையான கால்நடை மருத்துவப் படிப்புக்கு நீட் வேண்டும்போல என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான்: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட் மதிப்பெண். ஆக, கால்நடைப் பல்கலைக்கழகமே கொடுக்கும் ஒரு சலுகையை இவர்கள் தங்கள் சலுகைபோல விற்கிறார்கள்.

சேர்க்கைக்குப் போனபோது ‘கவுன்சலர்’ என்று ஒரு பெண் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கிளினிக் வைக்கலாம், ஊசி போடலாம், மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டே மாதம் நாற்பதாயிரம் சம்பாதிக்கலாம், கால்நடைத் துறை வேலைக்கு முன்னுரிமை, வண்டலூர் பூங்காவில் களப்பயிற்சி. எல்லாம் வாயால் சொன்னது. விண்ணப்பப் படிவத்திலோ ரசீதிலோ இதில் ஒரு வரிகூட இல்லை. ரசீதில் ‘திறன் மேம்பாட்டுக் கட்டணம்’ என்று மட்டும் இருக்கிறது. இப்போது அந்த மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களுடைய வக்கீல் வாதாடுகிறார்.

சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். ‘இந்திய அரசால் பதிவு செய்யப்பட்டது’, ‘நிதி ஆயோக்’, ‘ஐஎஸ்ஓ 9001’. ஒவ்வொன்றும் என்னவென்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அரசுப் பதிவு என்பது சிறு தொழில் பதிவு. ஆதார் எண் இருக்கும் எந்தத் தொழில்முனைவோரும் இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், மாவு மில்லுக்கும் அதே பதிவுதான். ‘நிதி ஆயோக்’ என்று மாட்டியிருந்தது, மத்திய அரசின் அந்த அமைப்பு நடத்தும், தொண்டு நிறுவனங்கள் தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ளும் தளத்தின் எண். ஐஎஸ்ஓ 9001 ஒரு நிறுவனம் தன் நிர்வாக நடைமுறைகளை ஒழுங்காக வைத்திருப்பதற்கான தரச்சான்று. பாடத்திட்டத்தை அது அங்கீகரிப்பதில்லை. மூன்றும் போலி அல்ல என்பதுதான் விஷயம். போலி என்றால் ஒரே புகாரில் மாட்டிக்கொள்வார்கள். உண்மையான, ஆனால் சம்பந்தமே இல்லாத காகிதங்களை வரிசையாக மாட்டி வைத்தால் யார் கேட்பது?

கட்டணம் 85,000 ரூபாய். ‘வட்டியில்லாத் தவணை’ என்றார்கள். தம்பியின் செல்பேசியிலும் அப்பாவின் செல்பேசியிலும் வந்த ஓடிபியை வாங்கி மேசையிலேயே ஏதோ செய்து முடித்தார்கள். அது நிறுவனத்திற்குக் கட்டும் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்தில் அப்பா பெயரில் எடுத்த கடன் என்பது முதல் தவணைக்கான குறுஞ்செய்தி வந்தபோதுதான் தெரிந்தது. நிதி நிறுவனம் முழுப்பணத்தையும் பயிற்சி நிறுவனத்திற்கு அப்போதே கொடுத்துவிட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், தம்பி போனாலும் போகாவிட்டாலும், அப்பா மாதாமாதம் கட்டியாக வேண்டும். நிறுத்தினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு மாட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனால் கையை விரித்துவிடுவார்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் ‘சரிபார்ப்புக்கு’ என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

படிப்புக்கு வருகிறேன். வாடகைக் கட்டடத்தில் ஒரு ஹால். புரொஜெக்டரில் யூடியூப். பாடம் எடுத்தவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். கால்நடை மருத்துவர் ஒருவர்கூட அந்தப் பக்கம் வந்ததில்லை. வண்டலூர் களப்பயிற்சி என்றது, வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, வெள்ளைப் புலிக் கூண்டுக்கு முன்னால் பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிய சுற்றுலா. அந்தப் படம் இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் இருக்கிறது. தம்பியும் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

சினை ஊசி வகுப்பைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. பால் சங்கத்தில் இருப்பவள் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். காளையின் விந்தை அடைத்து உறையவைத்த உறைவிந்துக் குச்சி கால் மில்லி அளவுதான். திரவ நைட்ரஜன் கேனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். இடுக்கியால் எடுத்த உடனே 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊசி போட வருபவர் பையில் வெப்பமானியும் சின்ன பிளாஸ்க்கும் இல்லாமல் வரமாட்டார். இவர்கள் வகுப்பில் காலியான ஒரு பழைய குச்சியை எடுத்துப் பச்சைத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் காட்டிவிட்டு, ‘அவசரத்துக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாலும் உருகிவிடும்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உயிரணுக்கள் செத்துப்போகலாம், மாடு சினை பிடிக்காமல் போகலாம். அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாள் தீவனச் செலவு மாட்டுக்காரர் தலையில். மாட்டில்தான் கோளாறு என்று நினைத்து அடிமாட்டுக்கு விற்றவர்களை என் கணக்குப் புத்தகத்திலேயே காட்ட முடியும்.

நாய் கையாளும் பயிற்சி அதைவிட மோசம். யாரோ தெருநாய்களுக்குச் சோறு போடும் ஒரு காலி மனைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். உடன் படிக்கும் ஒரு பெண்ணின் விரலைக் குட்டி ஒன்று கடித்து ரத்தம் வந்தது. ‘குட்டிதானே, ஒன்றும் ஆகாது’ என்று பஞ்சு வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். குட்டிக்கும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தம்பிதான் அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனான். நாயைத் தொடும் வேலைக்குப் போகிறவர்களுக்கு 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று தவணை முன்தடுப்பூசி போட வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. அதைக் கேட்காத இடத்தில் ஒரு நாள்கூட உங்கள் பிள்ளையை விட்டுவைக்காதீர்கள்.

கடைசியில் ‘இன்டர்ன்ஷிப்’. பல்லடம் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணை. விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சாணி அள்ளுவது, தொட்டி கழுவுவது, தீவன மூட்டை இறக்குவது. சாணி அள்ளுவதில் எங்களுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, வீட்டில் தினமும் அள்ளுகிறோம். பார்க்கப் போன என்னிடம் பண்ணைக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டார்: “தலைக்கு மாதம் இவ்வளவு என்று உங்கள் நிறுவனத்திற்குக் கொடுத்துவிடுகிறேனே, பையனுக்கு அவர்கள் தருவதில்லையா?” கட்டணம் எங்களிடம், கூலி அவரிடம்.

அன்றே தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவிடம் பாடத்திட்டக் கையேட்டைக் காட்டினோம். முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: “இந்தப் படிப்பை முடித்தால் நீ ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றலாம். அதை உன் அப்பா படிக்காமலேயே ஊற்றுகிறார்.” பிறகு சட்டத்தை விளக்கினார். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984. அதன் 30ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற சிறு சேவைகளை மட்டும், மருத்துவரின் மேற்பார்வையில், மாநில அரசு ஆணையிட்டு அனுமதித்தவர்கள் செய்யலாம். அவர்களிடமும் கால்நடைப் பராமரிப்புத் துறையோ ஒரு கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனமோ கொடுத்த சான்றிதழ் இருக்க வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் நிறுவனத்தின் காகிதத்தை வைத்துக் கிளினிக் திறந்தால், மாடு செத்தால் மட்டுமல்ல, பிழைத்தாலும் குற்றம்தான்.

அரசு வேலைக்கு முன்னுரிமை என்பதும் பொய். கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி. பட்டப்படிப்பு இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. கால்நடை ஆய்வாளர்களுக்குத் துறையே ஆள் எடுத்துத் தானே பயிற்சி கொடுத்து வந்திருக்கிறது. வெளியில் வாங்கிய டிப்ளமோவை அங்கே யாரும் கேட்பதில்லை.

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: ‘இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு என் பிள்ளை ஒரு மாட்டுக்கு ஊசி போட எந்த அரசாணை அனுமதிக்கிறது, எண் என்ன, தேதி என்ன?’ வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். நாங்கள் பிறகு கேட்டோம். நீல நிற டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அப்புறம் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

விலங்குகளோடு வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளைக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி வீரபாண்டி என்று ஏழு அரசுக் கல்லூரிகள். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. கட்-ஆஃப் எட்டாதவர்கள் அதே பல்கலைக்கழகத்தின் பி.டெக். பால்வளம், உணவு, கோழியினத் தொழில்நுட்பப் படிப்புகளைப் பார்க்கலாம்; நான்கு ஆண்டு. சினை ஊசிதான் ஆசை என்றால் மத்திய அரசின் கோகுல் இயக்கத்தின் கீழ் ‘மைத்ரி’ என்று மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது. எப்போது, எங்கே என்பதைக் கால்நடைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்களில் ஆடு, மாடு, கோழி வளர்ப்புக்குக் குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் வேலைக்கும் நாய் பழக்கும் வேலைக்கும் ஒரு லட்சம் ரூபாய்ச் சான்றிதழ் தேவையில்லை, நல்ல ஆளிடம் உதவியாளாகச் சேர்ந்தால் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு, எங்களுக்குப் பலித்ததைச் சொல்கிறேன். அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தபோது காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். நிலையத்திலிருந்து ஒரு தொலைபேசி போனது. மறுநாளே கூரியரில் அனுப்பிவிட்டார்கள். பணத்திற்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதற்கு மசியவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. கடன் விஷயத்தில், நிதி நிறுவனத்திற்கு எழுத்துமூலம் புகார் அனுப்பி 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நாங்கள் இரண்டையும் செய்திருக்கிறோம். தவணையை மட்டும் கோபத்தில் நிறுத்தவில்லை. அப்பா இன்னமும் கட்டுகிறார். கட்டிய ஒவ்வொரு ரூபாயையும் வழக்கில் சேர்த்துக் கேட்டிருக்கிறோம்.

நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. தம்பியோடு படித்த பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ‘போனது போகட்டும்’ என்று இருக்கிறார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், ரசீது, கடன் ஒப்பந்தம், அந்தக் கவுன்சலர் அனுப்பிய குரல் பதிவுகள், விளம்பரப் படம் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பால் சங்கத்திற்கு வாருங்கள். காலை பால் அளந்து முடித்த பிறகு நான் அங்கேதான் இருப்பேன். மனுவை எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன்.