பைடெஸ்ட் ரெய்ஸஸ்: கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்

நாலு வருடமாக பைடெஸ்ட்டை (பைத்தான் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற கருவி) வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. வேலூர் சத்துவாச்சாரியில் மாடி அறை, மே மாதம் மத்தியானம் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும், அந்த அறையில் உட்கார்ந்துதான் பெரியப்பாவின் காய்கறி மண்டிக்கு பில் போடும் புரோகிராமை பைத்தானில் எழுதினேன். முழு பைடெஸ்ட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. அதில் பிழை வருகிறதா என்று பார்க்கிற 'ரெய்ஸஸ்' என்ற ஒரு வசதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் காப்பாற்றியதும் அதுதான், நாலு மாதம் ஏமாற்றியதும் அதுதான்.

வேலை சுலபம். இந்த வரியை ஓட்டினால் வேல்யூ எரர் (மதிப்பு சரியில்லை என்கிற பிழை) வர வேண்டும் என்று வித் பிளாக்கில், அதாவது 'வித்' என்று தொடங்கி உள்ளே தள்ளி எழுதுகிற பகுதியில், எழுதி வைத்தால் போதும். வந்தால் பச்சை, வராவிட்டால் 'டிட் நாட் ரெய்ஸ்' என்று சிவப்பில் திட்டும். வேறு ஏதாவது பிழை வந்தால் அதை முழுங்காமல் அப்படியே வெளியே தள்ளி, எந்த வரியில் வெடித்தது என்று காட்டும். பைத்தானோடு கூடவே வருகிற யூனிட்டெஸ்ட்டிலும் அசர்ட்ரெய்ஸஸ் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை, எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் கிளாஸ் எழுதி செல்ஃப் செல்ஃப் என்று அடிக்க எனக்குப் பொறுமை கிடையாது. பழைய யூனிட்டெஸ்ட் கோப்புகளையும் பைடெஸ்ட்டே ஓட்டிவிடும் என்பதால் மாறுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. விலையும் இல்லை, எம்ஐடி உரிமத்தில் இலவசம்.

சரி, ஏமாந்த கதை. எடை காலியாக வந்தால் பிழை வர வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதியிருந்தேன். என்ன பிழை என்று யோசிக்கச் சோம்பல், பெரும்பாலான பிழைகளுக்கும் பொதுத் தலைப்பான வெறும் 'எக்ஸெப்ஷன்' என்று போட்டுவிட்டேன். நாலு மாதம் பச்சை. ஒரு நாள் விடியற்காலை பெரியப்பா போன்: "என்னடா, பன்னெண்டு மூட்டை முள்ளுக்கத்திரி இறங்கியிருக்கு, பில்லுல எடை சைபர்னு வருது?" போய்ப் பார்த்தால், எடை காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள நானே ஒரு 'ஆர் ஜீரோ' சேர்த்து வைத்திருக்கிறேன். அப்படியானால் டெஸ்ட் எப்படிப் பாஸ் ஆனது? டெஸ்ட்டில் ஃபங்ஷன் பெயரை எழுத்துப்பிழையோடு அடித்திருக்கிறேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பைத்தான் நேம் எரர் கொடுத்திருக்கிறது, நேம் எரரும் எக்ஸெப்ஷன் குடும்பத்துப் பிள்ளைதானே, பைடெஸ்ட் "ஆமாம், பிழை வந்தது" என்று தலையாட்டியிருக்கிறது. பொய் சொல்லவில்லை. நான் கேட்ட லட்சணம் அப்படி. வேல்யூ எரர் என்று மாற்றிய அடுத்த நிமிடமே நேம் எரர் முகத்தில் அடித்தது, பெயரைச் சரி செய்ததும் 'டிட் நாட் ரெய்ஸ்' வந்தது, அப்புறம்தான் அந்த 'ஆர் ஜீரோ'வைத் தூக்கினேன்.

ஊரில் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோயிலில் 1981இல் சாமி திரும்ப வந்துவிட்டார், பாலாற்றிலும் மழை நன்றாகப் பெய்கிற வருடம் தண்ணீர் ஓடுகிறது. என் டெஸ்ட்தான் கோட்டை மாதிரி, வெளியே பார்த்தால் மதில், அகழி எல்லாம் பலமாக இருந்தது.

இதே வலை கொஞ்சம் சின்ன அளவிலும் விரியும். விலைப் பட்டியல் கோப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஓஎஸ் எரர் (கோப்பு மாதிரி இயங்குதளம் சம்பந்தப்பட்ட பிழைகளின் பொதுப்பெயர்) என்று எழுதினால், கோப்பு இருந்து படிக்க அனுமதி இல்லாத போதும் பாஸ் ஆகும், ஏனென்றால் பெர்மிஷன் எரரும் அதன் பிள்ளை. பைத்தான் 3.3இலிருந்து ஐஓ எரர் என்பதே ஓஎஸ் எரரின் இன்னொரு பெயர்தான். அதனால் நேராக ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர் என்றே கேளுங்கள். யார் யாருக்குப் பிள்ளை என்பதையெல்லாம் நாம் டெஸ்ட் எழுதிச் சரிபார்க்க வேண்டாம், பைத்தானைச் செய்கிறவர்களே அந்த வம்ச மரத்தை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரைந்து வைத்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு எக்ஸெப்ஷன் கிளாஸும் அதன்படி இருக்கிறதா, ஒன்றாவது விட்டுப்போயிருக்கிறதா என்று தங்கள் டெஸ்ட்டில் பார்க்கிறார்கள்.

எரிச்சல் தருவது 'மேட்ச்'. செய்தியையும் சேர்த்துச் சரிபார்க்கலாம் என்று பைத்தான் கொடுத்த செய்தியை அப்படியே காப்பி அடித்து ஒட்டினேன், அதில் 'இன்ட்' (எழுத்தை எண்ணாக மாற்றுகிற ஃபங்ஷன்) என்று எழுதிப் பக்கத்தில் காலி அடைப்புக்குறி வரும். ஃபெயில்! இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, ஆனாலும் ஃபெயில். மேட்ச் எடுத்துக்கொள்வது ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பைத் தேடுகிற குறிமொழி, அதில் அடைப்புக்குறிக்கு வேறு அர்த்தம். நல்லவேளை, இரண்டும் ஒன்றாக இருந்தால் "ரீ எஸ்கேப் (குறிகளை வெறும் எழுத்தாக எடுக்கச் சொல்வது) போட நினைத்தாயா" என்று பைடெஸ்ட்டே கீழே கேட்கிறது. இந்த மாதிரி இடத்தில்தான் இதன் மேல் பாசம் வருகிறது. செய்தி முழுவதையும் பிடித்துத் தொங்காதீர்கள் என்பது என் கட்சி, பைத்தான் பதிப்புக்குப் பதிப்பு வாசகத்தை மாற்றுவார்கள். கீ எரரில் (தேடிய சாவி அகராதியில் இல்லாதபோது வருவது) இன்னொரு வம்பு: அதை ஸ்ட்ரிங்காக மாற்றினால் சாவியைச் சுற்றி மேற்கோள் குறியும் ஒட்டிக்கொண்டு வரும், பிழை தன்னோடு வைத்திருக்கிற 'ஆர்க்ஸ்' பட்டியலின் முதல் உருப்படியை எடுத்து ஒப்பிட்டால் தொல்லை இல்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி இன்னொன்று. வித் பிளாக்குக்குள் பிழை வருகிற வரிக்குக் கீழே அசர்ட் (இது உண்மையா என்று சரிபார்க்கிற வரி) எழுதினால் அது ஓடவே ஓடாது, சத்தமில்லாமல் பச்சை காட்டும். வெளியே எழுதுங்கள்.

வெறும் எக்ஸெப்ஷன் என்று கேட்டால் தானாக ஒரு எச்சரிக்கையாவது கொடுக்கக் கூடாதா என்ற வருத்தத்தில் ஐந்துக்கு அரை மார்க் குறைக்கிறேன். அதற்கு ரஃப் என்ற, கோடை ஓட்டாமலே குறை கண்டுபிடிக்கிற கருவியில் பி017 விதியைப் போட்டு வைத்திருக்கிறேன், அது கத்துகிறது.

கடைசியாக ஒன்று. பெரியப்பா போனில் தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர், தாத்தாவின் கணக்குப் புத்தகம் பார்த்து வளர்ந்த கை, வேண்டுமென்றே ௧௨ என்று எடை அடிப்பார். இதற்கு வேல்யூ எரர் வரும் என்று நம்பி டெஸ்ட் எழுதினால் 'டிட் நாட் ரெய்ஸ்'. பைத்தான் அதை ஒழுங்காக 12 என்று படிக்கிறது! யூனிகோடில் ௦ முதல் ௯ வரை எல்லாம் தசம இலக்கங்கள், அதனால் இன்ட் ஏற்றுக்கொள்ளும். பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ மூன்றும் அந்தக் கணக்கில் சேராது, அதற்கு வேல்யூ எரர்தான். இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் எழுதி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரியப்பா கேட்டார், "ஒண்ணு தெரியுது, ரெண்டு தெரியுது, பத்து மட்டும் என்னடா பாவம் பண்ணிச்சு?"