ரூ. 3,000 காற்று மீட்டர்: எந்த எண்ணை நம்பலாம்?

ஹெச்.சி.ஹெச்.ஓ. (ஃபார்மால்டிஹைட் வாயு), டி.வி.ஓ.சி. (ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் மொத்தம்), சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு), பி.எம். 2.5 (நுண் தூசு) என நாலு எண் காட்டும் கையடக்க மீட்டர்கள் இப்போது சேலத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் கைக்கெல்லாம் வந்துவிட்டன. நாலையும் ஒரேபோல நம்ப முடியாது.

முதலில் ஃபார்மால்டிஹைட். மலிவு மீட்டர்கள் பலவற்றில் இருப்பது சூடாகும் உலோக ஆக்சைடு சென்சார். அதற்கு ஃபார்மால்டிஹைடும் ஒன்றுதான், சானிடைசர் ஆவியும் ஒன்றுதான். புளித்த இட்லி மாவுப் பாத்திரத்தைப் பக்கத்தில் திறந்தால்கூட எண் எகிறும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதுவும் 30 நிமிடச் சராசரி. அதை இதில் அளக்க நினைப்பது, நகையை நெல் மூட்டைத் தராசில் நிறுப்பது போல. சரியான அளவு வேண்டுமென்றால் டி.என்.பி.எச். (ஃபார்மால்டிஹைடைப் பிடித்து வைக்கும் ரசாயனம்) உள்ள குழாயில் காற்றைப் பிடித்து லேப்புக்கு அனுப்ப வேண்டும்.

எண் பொய் என்பதால் ஆபத்தும் பொய்யாகிவிடாது. எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையின் யூரியா பசை வெயிலிலும் ஈரத்திலும் ஃபார்மால்டிஹைடை அதிகமாகக் கக்கும். சித்திரை வெயிலில் மாடி அறை வார்ட்ரோபைத் திறந்தால் கண் எரிவது அதனால்தான். லேமினேட் ஒட்டிய முகப்பு பரவாயில்லை. கசிவது வெட்டு விளிம்பு, கீல் துளை, ஒட்டாமல் விட்ட முதுகுப் பலகை. எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) நாலு பக்கமும் போடச் சொல்லுங்கள். துணி அடுக்குமுன் இரண்டு மூன்று வாரமாவது டிராயர்களை இழுத்து வைத்து ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நம்பக்கூடியது சி.ஓ.2, அதுவும் என்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) சென்சார் இருந்தால் மட்டும். சோதிப்பது சுலபம்: சானிடைசர் தடவிய கையைக் காட்டுங்கள். சி.ஓ.2 எண்ணும் சேர்ந்து ஏறினால் அது மற்ற வாயுக்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டும் போலி, திருப்பி அனுப்பிவிடலாம். மொட்டை மாடியில் சி.ஓ.2 எண் 420 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 420 பங்கு) ஒட்டி நிற்க வேண்டும். படுக்கையறையில் விடியற்காலை 1,500 தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை, மற்ற வாயுக்களும் அங்கேயே தேங்கும்.

ஏற்காட்டுக்கு வாங்குகிறவர்கள் கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரத்தைக் குறிக்கும் செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். 1,500 மீட்டரில் காற்றழுத்தம் குறைவு. திருத்தாவிட்டால் சி.ஓ.2 1,000 இருக்கும்போது 850 என்றுதான் காட்டும். அங்கே மூடுபனியும் பி.எம். கணக்கில் தூசாக ஏறும், பயப்பட வேண்டாம்.

கேஸ் கீசரின் கார்பன் மோனாக்சைடு இதில் தெரியவே தெரியாது, அதற்குத் தனி அலாரம் வேண்டும். செவ்வாய்பேட்டைப் பக்கம் வீட்டோடு வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இது உதவாது: நைட்ரிக் அமிலத்தில் எழும் செம்பழுப்புப் புகையை மீட்டர் பிரித்துச் சொல்லாது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம்.