வாஷிங் மெஷின் ரப்பர் பாதம் (4 எண்ணம், 349 ரூபாய்): வாங்கலாமா?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு நடக்கிற பழக்கம் உண்டு. ஸ்பின் ஓடும்போது மெல்லக் கதவைப் பார்த்துக் கிளம்பும். ஒருநாள் ஜமக்காளம் போட்டோம். முடிந்து போய்ப் பார்த்தால் ஒரு சாண் தள்ளி, வயர் விறைக்க நிற்கிறது. மறுநாள் காலையில் கீழ்வீட்டு ஓனரம்மா, "ஏன் தம்பி, ராத்திரியில மாடியில உரல் இடிக்கிறீங்களா?" என்றார். அன்றைக்கே ஆர்டர் போட்டேன்.

கறுப்பு ரப்பர். மெஷின் கால் உட்காரக் கிண்ணம் மாதிரிக் குழி, அடியில் வட்ட வட்டமாக வரிப்பள்ளம். ஒருவர் மெஷினைச் சாய்க்க, இன்னொருவர் செருக வேண்டும். மெஷின் 62 கிலோ. தனியாக முயன்று விரலை நசுக்கிக்கொண்டேன்.

சாக்பீஸால் தரையில் கோடு போட்டுவிட்டு ஓட்டினேன். கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே சாமியாடியது, மேலே இருந்த சோப்புத்தூள் டப்பா கீழே விழுந்தது.

அப்போதுதான் வெட்கமாக இருந்தது. நான் டயர் கடையில் வீல் பேலன்சிங் பார்க்கிறவன். 14 இஞ்ச் ரிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் கூடினாலே, 100 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்றரை கிலோ போல இழுக்கும், ஸ்டியரிங் உதறும். டிரம்மும் சக்கரம்தானே? துணி ஒரு பக்கம் 300 கிராம் கூடுதலாகச் சுருண்டுகொண்டால், 1000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 1000 சுற்றில், கிட்டத்தட்ட 80 கிலோ இழுவை. டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங்கும் ஆட்டத்தை அடக்கும் டாம்பரும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும்; மிச்சம் வெளி உடம்புக்கு வரும். மெஷின் தரையை அழுத்துகிற அளவுக்குத்தான் தரை அதைப் பிடித்து வைக்கும். அந்தச் சுருட்டு மேலே வரும்போதெல்லாம் மெஷினையும் கொஞ்சம் தூக்கும், பிடி தளரும், அந்த நேரத்தில் பக்கவாட்டு இழுவையும் சேர்ந்தால் கால் வழுக்கிவிடும். ஒவ்வொரு வழுக்கலும் மயிரிழைதான். எங்கள் சர்வீஸ் ஏரியாவில் தண்ணீர் ஓட வாட்டம் வேறு கொடுத்திருக்கிறார்கள், அதனால் எப்போதும் ஒரே பக்கம் பயணம்.

பாதங்களைக் கழற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். முன்பக்க இடது கால் தரையைத் தொடவே இல்லை! எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்தினால் நாற்காலியில் ஒரு கால் குட்டையானது போல ஆடியது. காலைத் திருகி இறக்கி, கால் மறுபடி திருகாமல் பிடிக்கிற லாக் நட்டை மெஷின் உடம்போடு சேர்த்து இறுக்கினேன். ரப்பர் இல்லாமலே நடை ஒரு விரற்கடைக்குக் குறைந்தது. திரும்ப ரப்பரைப் போட்டேன். இரண்டு மாதமாகக் கோட்டிலேயே நிற்கிறது. கீழே சத்தமும் குறைந்துவிட்டதாக ஓனரம்மாவே சொன்னார்.

ஒரு தடவை டிரெயின் பைப் கழன்று சோப்புத் தண்ணீர் தேங்கியபோது மட்டும் சறுக்கியது. சோப்புப் படலத்தின் மேல் ரப்பர் என்ன செய்யும், மழைநாளில் தேய்ந்த டயர் மாதிரிதான்.

புது மெஷின் வாங்கி முதல் நாளே குதிக்கிறது என்றால் இதை வாங்காதீர்கள். ஃப்ரண்ட் லோடா, பின்பக்கம் பாருங்கள். லாரியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் போட்ட போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருப்பார்கள். ஜமக்காளத்தைத் தனியாகப் போடாமல் இரண்டு துண்டைச் சேர்த்துப் போடுங்கள், ஸ்பின்னை 800க்கு இறக்குங்கள். 80 கிலோ 50 சொச்சமாகிவிடும்.

மூன்று ஸ்டார். ஒன்று குறைத்தது வெள்ளை டைல்ஸில் விழுந்த கறுப்பு வட்டத்துக்கு, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்னொன்று, முதலில் லெவல் பாருங்கள் என்று பெட்டியில் ஒரு வரிகூட இல்லாததற்கு.