எண்ணெய் ஆப்பை யார் செதுக்குவது? த்ரஸ்ட் பேரிங்கிலும் சுழல் சீலிலும் ஒரே கேள்வி

சுழலும் உலோகம் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்க மூன்று வேண்டும்: பாகுத்தன்மையுள்ள திரவம், வேகம், ஓடும் திசையில் குறுகிக்கொண்டே போகும் இடைவெளி. முதல் இரண்டும் எல்லா வடிவமைப்புக்கும் பொது. மூன்றாவதில்தான் போட்டி. குறுகலான இடத்துக்குள் இழுக்கப்படும் எண்ணெய் ஆப்புப் போல நெருக்கி அழுத்தத்தை உண்டாக்குகிறது. 1883 வாக்கில் பீச்சம் டவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது மேலே போட்ட துளை வழியாக எண்ணெய் பொங்கி வந்தது. அதை அடைத்த மரக்கட்டையையும் வெளியே தள்ளிவிட்டது. அந்த அழுத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் சமன்பாடாக எழுதினார். அதற்குப் பிறகு வந்த வடிவங்களை ஒப்பிட நான் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த ஆப்பை உண்டாக்குவது யார்?

தண்டு தன் அச்சுத் திசையில் தள்ளும் சுமையைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங். அதில் டேப்பர் லேண்ட் என்ற சரிவு வெட்டிய வகையில் ஆப்பை உண்டாக்குபவர் எந்திரப் பட்டறைக்காரர். ஒவ்வொரு பகுதியிலும் சில பத்து மைக்ரான் ஆழத்துக்குச் சரிவு வெட்டி, கடைசியில் கொஞ்சம் தட்டையாக விடுவார்கள். நின்றிருக்கும்போது சுமை உட்காருவது அந்தத் தட்டையில்தான். அசையும் பாகம் எதுவுமில்லை, அச்சுத் திசையில் இடமும் குறைவாகவே எடுக்கும். ஆனால் வெட்டிய சரிவு வெட்டியதுதான். படலம் நுழையும் இடத்துத் தடிமன் வெளியேறும் இடத்தைப்போல ஏறத்தாழ 2.2 மடங்கு இருந்தால் அதிகச் சுமை தாங்கும் என்கிறது எளிய கணக்கு. சுமை ஏறிப் படலம் மெலிந்தால் இந்த விகிதம் கூடும், சுமை குறைந்தால் இறங்கும். இதைக் காட்டி டேப்பர் லேண்டைக் கழித்துக் கட்டுவோரை நான் ஏற்பதில்லை. அந்த உச்சத்தைச் சுற்றி வளைவு மிகவும் தட்டையானது; விகிதம் கொஞ்சம் விலகினாலும் சுமைத்திறன் பெரிதாகச் சரியாது. ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் எந்திரத்துக்கு இதுவே போதும். அதன் உண்மையான பலவீனம் வேறு இரண்டு. தண்டு எதிர்த்திசையில் சுற்றினால் ஆப்பு தலைகீழாகிவிடும். அடிக்கடி நிறுத்தி இயக்கினால் தட்டைப் பகுதி தேய்ந்து சரிவைத் தின்றுகொண்டே வரும்.

டில்டிங் பேட் எனப்படும் சாயும் பட்டை பேரிங்கில் ஆப்பைச் செதுக்குவது எண்ணெயே. ஒவ்வொரு பேடும் அடியில் தாங்கும் ஒரு முனையின் (பிவட்) மேல் உட்கார்ந்திருக்கும். படல அழுத்தத்துக்கு ஏற்பத் தானாகச் சாயும். விகிதத்தைத் தீர்மானிப்பது அந்த முனை இருக்கும் இடம். சுமை மாறினால் படலத்தின் தடிமன் மாறும், விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இதன் அழகே அதுதான். ஒரே திசை எந்திரங்களில் எண்ணெய் நுழையும் விளிம்பிலிருந்து பேடின் நீளத்தில் 60 சதவீதத் தொலைவில் முனையை வைப்பார்கள். இரு திசையிலும் ஓட வேண்டுமானால் நட்டநடுவில். இங்கே எனக்கு எப்போதும் வியப்பூட்டும் ஒன்று உண்டு. பாகுத்தன்மை மாறாது, பேட் துல்லியமான தட்டை என்று கொண்டால், நடு முனைப் பேட் சுமையே தாங்கக் கூடாது. நடைமுறையில் தாங்குகிறது. எண்ணெய் சூடாகி இளகுவதும், வெப்பத்திலும் அழுத்தத்திலும் பேட் லேசாகக் குவிவதும் சேர்ந்து, ஏட்டுக் கணக்கில் இல்லாத ஆப்பை உண்டாக்கிவிடுகின்றன.

இந்த யோசனை ஆஸ்திரேலியாவில் பொறியாளர் மிச்சலுக்கும் அமெரிக்காவில் பொறியாளர் கிங்ஸ்பரிக்கும் தனித்தனியே வந்தது. மிச்சலின் காப்புரிமை 1905, கிங்ஸ்பரியுடையது 1910. அமெரிக்காவின் சஸ்குவெஹானா ஆற்றின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் 1912-இல் பொருத்திய 48 அங்குல கிங்ஸ்பரி பேரிங், சுமார் 200 டன் சுமையை ஏந்திப் பல பத்தாண்டுகள் ஓடியது. உருளை பேரிங்குக்கு இப்படி ஓர் ஆயுள் கிடையாது. உலோகச் சோர்வு அதன் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்கும். பால் பேரிங்கில் சுமையை இரட்டித்தால் கணக்கிட்ட ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். ஆனாலும் நின்ற நிலையிலிருந்து சுமையோடு கிளம்புவதில் உருளைதான் கெட்டி. டில்டிங் பேடுக்கு அந்த நேரத்தில் படலமே இல்லை. அதனால்தான் பெரிய எந்திரங்களில் அழுத்த எண்ணெயை முதலில் செலுத்திச் சுழலியைத் தூக்கிவிட்டுப் பிறகு சுற்ற விடுகிறார்கள்.

சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீலுக்கு வந்தால் வேண்டியதே முரணானது: படலம் இருக்க வேண்டும், அது வெளியே ஒழுகக் கூடாது. தண்டை ரப்பர் உதட்டால் தழுவும் சாதாரண லிப் சீலில் ஆப்பை யாரும் திட்டமிட்டு வெட்டுவதில்லை. உதட்டு ரப்பரின் நுண்ணிய மேடுபள்ளங்களே அதைத் தருகின்றன. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் சாய்வாகவும் உதட்டை அமைப்பதால், தண்டு சுற்றும்போது அந்த மேடுகள் ஒரு பக்கமாகத் திரிந்து, கசிய வந்த எண்ணெயை உள்ளேயே திருப்பித் தள்ளும். படலம் சுமார் ஒரு மைக்ரான்தான். அதனால் சீலின் வேலையில் பாதி தண்டின் மேற்பரப்பின் கையில். கடைசலின்போது திருகுப் போலக் கோடு விழுந்திருந்தால், புத்தம்புதிய சீலும் எண்ணெயை வெளியே இறைக்கும். அப்போது சீலைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அழுத்தம் ஏறினால் உதடு தண்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். அழுத்தம் அரை பார் (வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி) தாண்டும் இடத்தில் சாதாரண வகையை நான் போட மாட்டேன்.

எண்ணெய்க் கிணறு துளைக்கும் கருவிகளில், ஒரு பக்கம் மசகு எண்ணெய், மறு பக்கம் அரைக்கும் சேறு. அங்கே அலை விளிம்புச் சீல் வெல்கிறது. எண்ணெய்ப் பக்க விளிம்பை அலையலையாக வார்த்திருப்பார்கள். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வோர் அலையும் எண்ணெயை அடியில் செருகும். சேற்றுப் பக்க விளிம்போ கூர்மையாக, நேர்வட்டமாக இருக்கும். சேற்றுக்கு அங்கே ஆப்பே கிடைக்காது. அலை இரு பக்கமும் ஒரே மாதிரி சரிந்திருந்தால் எந்தத் திசையில் சுற்றினாலும் வேலை செய்யும். விலை ஒன்று உண்டு: துளித்துளியாக எண்ணெய் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு சேமிப்பு வேண்டும், அது தீருமுன் கருவியை மேலே எடுக்க வேண்டும். துளியும் போகக் கூடாது என்று கேட்பவருக்கு லிப் சீல்தான் பொருந்தும். அழுத்தத்தையும் சேற்றையும் தாங்க வேண்டும் என்பவர் அந்தத் துளிகளைக் கொடுக்கத்தான் வேண்டும்.

கம்ப்ரஸர்களில் வாயுவைத் தடுக்கும் உலர் சீலிலும் இதே கதைதான். சில மைக்ரான் ஆழச் சுருள் பள்ளங்கள் வாயுவை உள்ளிழுத்து, சுழலும் வளையம், நிலையான வளையம் இரண்டின் முகங்களைச் சில மைக்ரான் பிரித்து வைக்கின்றன. ஒருதிசைச் சுருள் தரும் படலம் விறைப்பானது, அதாவது முகங்கள் நெருங்கினால் பலமாக எதிர்த்துத் தள்ளும். ஆனால் வாயு பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வு பழுதாகி எந்திரம் பின்னோக்கிச் சுற்றினால், அதே பள்ளங்கள் வாயுவை வெளியே இழுத்து முகங்களை உரச வைத்துவிடும். பின்னோக்கிச் சுற்ற வாய்ப்பிருக்கும் இடத்தில், விறைப்பு கொஞ்சம் குறைந்தாலும் இருதிசைப் பள்ளத்தையே எடுப்பேன்.